ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாத ஊசி எதற்கு?

முக்கூடலிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருப்பது இது: "என் மதினிக்கு 41 வயது. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார். நாலைந்து வருடமாகவே விரல்கள் தடித்து, இலை வெட்டும் கத்தரியின் வளையத்துக்குள் பெருவிரல் நுழைவதில்லை. செருப்பு அளவும் கூடிவிட்டது. முகம் மாறிவிட்டது என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் இருக்கின்றன. இரவில் குறட்டைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறார். ஸ்கேனில் பிட்யூட்டரி சுரப்பியில் 1.8 சென்டிமீட்டர் கட்டி. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் என்கிறார்கள். கண் பார்வைப் பரிசோதனையில் குறை இல்லை. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் அதற்கு முன் மூன்று மாதம், மாதம் ஒன்றாக ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். கட்டியைச் சுருக்கத்தான் ஊசி என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். உடனே எடுக்காமல் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று அண்ணன் பயப்படுகிறார். வள்ளியூரில் சித்தி மகளுக்கும் இதே சுரப்பியில்தான் கட்டி; அவளுக்கு மாத்திரை மட்டும், ஆபரேஷனே இல்லை. எங்களுக்கும் மாத்திரையிலேயே சரியாகாதா?"

தள்ளிப்போடவில்லை, தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஊசிக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் வீட்டில் பேசிக்கொள்ளும் காரணம் இல்லை. அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் அண்ணனின் பயமும் பாதி குறையும், வள்ளியூர்த் தங்கைக்கு ஏன் வேறு வைத்தியம் என்பதும் தானே விளங்கிவிடும்.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராகப் பாளையங்கோட்டையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். கட்டியை எடுப்பவர் நரம்பியல் அறுவை மருத்துவர். ஹார்மோனைக் கவனிப்பவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் மூச்சுக்கும் இதயத்துக்கும் பொறுப்பாக நிற்பவர் மயக்க மருத்துவர். அந்த இடத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷனுக்கு முன் மருந்து என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த மருந்து எதைச் சாதிப்பதற்காக?" என்பதுதான். மூன்று விதமான பதில் வரலாம். ஆபரேஷனே தேவைப்படாமல் செய்துவிடுவதற்காக. ஆபரேஷனைத் தாங்கும் நிலைக்கு உடம்பைக் கொண்டுவருவதற்காக. கட்டியைச் சுருக்கி, முழுவதையும் எடுப்பதை எளிதாக்குவதற்காக. முதலாவது, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கட்டியில் உறுதியாக நிற்கிறது. இரண்டாவதுக்கு மற்ற எல்லா வகையிலும் இடம் உண்டு; என் பார்வையில் அதுதான் பெரிது. மூன்றாவதுக்குத்தான் ஆதாரம் மெலிந்தது. ஆனால் வீடுகளில் எல்லாரும் பேசுவது அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், மூக்கின் பின்புறத்துக்கு மேலே, எலும்புக் குழிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பி. எடை அரை கிராம் அளவுதான். அந்தச் சுரப்பிக்கு மேலே கண் நரம்புகள் குறுக்கிட்டுப் போகின்றன, இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள். இதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எந்த வகைச் செல்லிலிருந்து கட்டி கிளம்பியதோ அந்த ஹார்மோன் உடம்பில் பெருகுகிறது. ஆகவே இடம் ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு, மருந்தும் வேறு.

வள்ளியூர்த் தங்கையின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அவருக்கு இருப்பது புரோலாக்டின் சுரக்கும் கட்டியாகத்தான் இருக்கும். மாதவிலக்கு நின்றுபோவது, குழந்தை பெறாத நிலையிலும் மார்பில் பால் கசிவது, கருத்தரிக்காமல் இருப்பது என்றுதான் பெண்களிடம் இது வெளிப்படும். ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகளில் அதிகம் காணப்படுவதும் இதுதான். இந்தச் செல்களுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் இயற்கையான கடிவாளம். அதே வேலையைச் செய்யும் மாத்திரைகள் புரோமோகிரிப்டினும் கேபர்கோலினும். புரோமோகிரிப்டினைத் தினமும் சாப்பிட வேண்டும், குமட்டலும் தலைசுற்றலும் அதிகம். கேபர்கோலினை வாரம் இரண்டு முறை சாப்பிட்டால் போதும். இரண்டையும் ஒப்பிட்டு 1994-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கேபர்கோலின் எடுத்த பெண்களில் 83 சதவீதம் பேருக்குப் புரோலாக்டின் இயல்பு நிலைக்கு வந்தது. புரோமோகிரிப்டினில் 59 சதவீதம். அளவு இறங்குவதோடு கட்டியும் சுருங்குகிறது. கண் நரம்பை அழுத்தும் பெரிய கட்டியில்கூட, சில நாட்களிலேயே பார்வை தெளியத் தொடங்குவது உண்டு. அதனால்தான் அங்கே மாத்திரை முதல் வைத்தியம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், மாத்திரைக்கு அடங்காத கட்டி, கட்டிக்குள் திடீர் இரத்தக் கசிவு போன்ற நிலைகளில்தான் கத்திக்கு வேலை. சிறிய, எல்லை தெளிவான கட்டியாக இருந்து, ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட விருப்பமில்லாதவர்களுக்கு, கைதேர்ந்த அறுவை மருத்துவர் கிடைத்தால் ஆபரேஷனையும் முன்னாலேயே பேசலாம் என்ற கருத்து அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது. அது அவர் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம்.

அவருக்குச் சொல்ல இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருத்தரிக்க முடியும். அதை யாராவது அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, இந்த மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், கட்டுமீறிய செலவு, கட்டுக்கடங்காத ஆசை என்று குணத்தையே மாற்றிவிடும். குடும்பத்தில் யாருக்கும் மருந்தின் மேல் சந்தேகமே வராது. ஆளைத்தான் குறை சொல்வார்கள். அப்படி ஏதாவது தென்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புரோலாக்டின் கூடியிருக்கிறது என்ற ஒரே தாளை வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக வாங்கிச் சாப்பிடும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு போன்ற மாத்திரைகளும், மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனும் அதைக் கூட்டும். தைராய்டு குறைபாடும் கூட்டும். நீண்ட நாள் கவனிக்காத தைராய்டு குறைபாட்டில் பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் அது தானாக வடிந்துவிடும். அதைக் கத்தியால் தொட்டால் நல்ல சுரப்பியை இழப்போம். தைராய்டு பரிசோதனை பார்க்காமல் எந்தப் பிட்யூட்டரி கட்டியையும் ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

இப்போது உங்கள் மதினிக்கு வருவோம். அவருக்கு இருப்பது அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் பெருகி உடம்பு தடிக்கும் நோய். 1886-இல் பாரிஸில் பியர் மாரி என்ற மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். வளர்ச்சி ஹார்மோன், கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. உடம்பைத் தடிக்க வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். கை, கால், தாடை, மூக்கு தடிப்பது வெளியே தெரியும். வெளியே தெரியாமல் நாக்கு பெருக்கிறது, தொண்டையின் உட்சுவர் தடிக்கிறது, குரல்வளையின் குருத்தெலும்பு வளர்கிறது, குரல் கட்டையாகிறது, இதயத் தசை தடிக்கிறது. மெதுவாக நடப்பதால் தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு இத்தனை வருடம் உறைக்காததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்த நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

இந்தக் கட்டிக்கு முதல் வைத்தியம் ஆபரேஷன்தான். மாத்திரையால் மட்டும் சரியாகாதா என்று கேட்டீர்கள். வள்ளியூரில் கொடுக்கும் கேபர்கோலின் வளர்ச்சி ஹார்மோன் கட்டியில் லேசான பலனே தரும். ஐஜிஎஃப்-1 சற்றே கூடியிருப்பவர்களுக்குத் துணை மருந்தாக உதவும், அவ்வளவுதான். மூக்கு வழியாகப் போய்ப் பிட்யூட்டரி கட்டியை எடுப்பது புதிதாக வந்த துணிச்சலும் அல்ல. 1907-இலேயே இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லாஃபர் செய்தார். இன்று எண்டோஸ்கோப் வைத்துச் செய்கிறார்கள். முகத்தில் தழும்பு இருக்காது, மண்டையோட்டைத் திறப்பதில்லை.

அப்படியானால் நேராக ஆபரேஷனுக்குப் போக வேண்டியதுதானே என்றால், பெரும்பாலோருக்கு அதுதான் சரி. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குணமாகும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக எல்லாருக்கும் வழக்கமாக முன்மருந்து கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் ஒரு விலக்கையும் வைக்கிறது: தொண்டை மிகவும் தடித்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும், இந்த நோயால் இதயம் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கும், ஆபரேஷனின் ஆபத்தைக் குறைக்க முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குறட்டை, பகலில் உட்கார்ந்தபடி தூக்கம் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரியைப் படித்ததும் உங்கள் மருத்துவர் எதை நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மேசையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் தசைகள் தளரும், மூச்சு நிற்கும். அடுத்த சில நிமிடங்களுக்குள் வாய் வழியாகக் குரல்வளையைக் கண்டுபிடித்து மூச்சுக் குழாயைச் செலுத்த வேண்டும். அக்ரோமெகலி நோயாளியிடம் நாக்கு வாயை நிறைத்துக்கொண்டு நிற்கும். தாடை நீண்டிருப்பதால் வழக்கமான கருவி எட்டாமல் போகலாம். முகமூடி முகத்தோடு பொருந்தாது. குரல்வளைக்குக் கீழே மூச்சுப் பாதை குறுகியிருந்தால் எதிர்பார்த்ததைவிடச் சிறிய குழாய்தான் நுழையும். வாயைத் திறந்து பார்த்து எளிது என்று கணித்தவர்களிடமே இடர் வருவது இந்த நோயில் உண்டு. எனவே சிலருக்கு விழித்திருக்கும்போதே, தொண்டையை மரத்துப்போகச் செய்து, வளையும் கேமராக் கருவியின் துணையோடு குழாயைச் செலுத்துவோம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் இரவு. தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் உள்ளவருக்கு வேறு எந்த ஆபரேஷன் ஆனாலும், முகமூடி வழியாக அழுத்தக் காற்று கொடுக்கும் சிபாப் கருவியை அன்று இரவே மாட்டிவிடலாம். இங்கே அது முடியாது. மூக்கில் பஞ்சுத் திணிப்பு இருக்கலாம். மண்டையோட்டின் அடிப்பகுதியில் எலும்பைத் திறந்து அப்போதுதான் அடைத்திருப்பார்கள். அழுத்தக் காற்று அந்த வழியே மூளைப் பக்கம் ஏறும் அபாயம் உண்டு. ஆக, பெருத்த நாக்கோடு, வாயால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, மயக்கம் முழுவதும் தெளியாமல், சிபாப் துணையும் இல்லாமல் அந்த இரவைக் கடக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கண் கொட்டாமல் பார்ப்போம். ஆனாலும் நாக்கும் தொண்டையும் கொஞ்சம் வடிந்த உடம்போடு அந்த இரவுக்குள் நுழைவது வேறு, வடியாத உடம்போடு நுழைவது வேறு. உங்கள் மதினிக்குப் போடும் மூன்று ஊசியின் நோக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஊசி ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடாக இருக்கும். 1973-இல் ரோஜர் கியமின் ஆய்வகத்தில், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் சொமட்டோஸ்டாட்டின் என்ற இயற்கைப் பொருளைக் கண்டெடுத்தார்கள். பிட்யூட்டரியை ஆளும் மூளை ஹார்மோன்களைப் பற்றிய பணிக்காக 1977-இல் அவருக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் நோபல் பரிசில் ஒரு பாதி கிடைத்தது. மறு பாதி, இரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கு. இன்று உங்கள் மதினியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்களுக்கும் அவருக்குப் போடும் ஊசிக்கும் அந்த ஒரே ஆண்டின் பரிசில் வேர் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இயற்கையான சொமட்டோஸ்டாட்டின் இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஆக்ட்ரியோடைடு ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதை மெல்லக் கரையும் நுண்துகள்களில் அடைத்துச் செய்ததுதான் மாத ஊசி.

போட்ட சில வாரங்களில் வியர்வை குறையும், தலைவலி தணியும், விரல் மரத்துப்போவது குறையும், தசையும் தோலுமாக இருக்கும் வீக்கம் வடியும். குறட்டையும் மூச்சுத் தடையும் பலருக்கு மட்டுப்படும். எல்லாருக்கும் முழுதாகப் போய்விடாது. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். தாடையும் பாதமும் பழையபடி ஆகா. பீடி சுற்றும் கைக்கு இதில் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு: மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வரும் மதமதப்பு பெரும்பாலும் இந்த மெல்லிய வீக்கத்தால்தான், அது இறங்கக்கூடியது.

கட்டி சுருங்குமா என்றால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவு சுருங்கும். அது ஆபரேஷனில் முழுக் குணத்தைக் கூட்டுமா என்பதில்தான் சிக்கல். நார்வேயில் 62 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஆக்ட்ரியோடைடு கொடுத்துவிட்டும் மற்றவர்களுக்கு நேரடியாகவும் ஆபரேஷன் செய்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலுமான கட்டிகளில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது முன்மருந்து எடுத்தவர்களில் 50 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 16 சதவீதம் பேருக்கும் ஐஜிஎஃப்-1 இயல்பாக இருந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் மாத ஊசியின் மிச்சம் உடம்பில் நீண்ட நாள் தங்கும். மூன்றாம் மாதத்தில் தெரிந்த நன்மையில் எவ்வளவு ஆபரேஷனுடையது, எவ்வளவு மருந்தின் மிச்சம் என்று பிரிப்பது கடினம். அதே நோயாளிகளை ஓராண்டும் ஐந்தாண்டும் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி உறுதியாக நிற்கவில்லை. ஆகவே "ஊசி போட்டால் கட்டி முழுவதும் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி எதிர்பார்ப்பை வளர்க்காதீர்கள். திறமையான கையிடம் போவதுதான் குணத்தைக் கூட்டும். ஊசி அந்தக் கையிடம் பத்திரமாகப் போய்ச் சேர உதவும்.

ஊசி விஷயத்தில் நடைமுறையாகச் சில சொல்கிறேன். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திருநெல்வேலியில் வாங்கி முக்கூடலுக்குச் சித்திரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, மருந்து ஐஸை நேரடியாகத் தொடாதபடி துணி சுற்றி எடுத்துப் போங்கள், உறைந்தால் கெட்டுவிடும். முடிந்தால் வாங்கிய மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. ஆக்ட்ரியோடைடு மாத ஊசி பொடியாக வரும். குளிரிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, கலக்கிய உடனே புட்டத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். அவசரமாகக் கலக்கினால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும், பல ஆயிரம் ரூபாய் வீணாகும். இதைப் போட்டுப் பழகிய செவிலியரைக் கேட்டு வாங்குங்கள். மாத ஊசிக்குப் பணம் முடியாதென்றால், தினமும் மூன்று வேளை தோலுக்கடியில் போடும் குறுகிய கால ஆக்ட்ரியோடைடு பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

முதல் சில நாட்கள் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி இருக்கும், பெரும்பாலும் பழகிவிடும். பித்தப்பையில் கல் சேரலாம். நாடித் துடிப்பு மெதுவாகலாம், எனவே இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை இரு பக்கமும் போகலாம்: வளர்ச்சி ஹார்மோன் குறைவதால் இறங்கவும் கூடும், இந்த மருந்து இன்சுலினையும் அடக்குவதால் ஏறவும் கூடும். வீட்டில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். இந்த மூன்று மாதத்தில் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் வருவதும், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பதும், தூக்கப் பரிசோதனை செய்து தேவையானால் சிபாப் பழகுவதும் ஊசிக்குச் சமமான வைத்தியம். ஊசி மட்டும் போட்டுவிட்டு இவற்றை விட்டால் மூன்று மாதம் போனதுதான்.

இதே சுரப்பியில் கார்டிசாலை, அதாவது அட்ரினல் சுரப்பி சுரக்கும் உடம்பின் சொந்த ஸ்டீராய்டைக் கூட்டும் கட்டி ஒன்று உண்டு, குஷிங் நோய். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். உருண்டு சிவந்த முகம், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், தொட்டால் கன்றும் தோல், குத்தவைத்தால் எழ முடியாத தொடை. ஆனால் நம் பக்கத்தில் இந்தத் தோற்றத்தோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டியே இருக்காது. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் எங்கோ வாங்கிய பொடியிலும் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையிலும் இருந்த ஸ்டீராய்டுதான் காரணமாக இருக்கும். அதைக் கேட்டுத் தெளிந்த பிறகுதான் ஸ்கேன். அப்படிப்பட்ட மருந்தைப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் கார்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும், அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உண்மையான குஷிங் நோயிலும் ஆபரேஷன்தான் முதல் வழி. லேசான நோய்க்கு முன்மருந்து தேவையில்லை. ஆனால் கடுமையாக வந்தவரின் உடம்பு மிகவும் நொய்ந்திருக்கும். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும், சர்க்கரை அடங்காது, கிருமித் தொற்று காய்ச்சல்கூடக் காட்டாமல் பரவும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும், மனம் பேதலிக்கும். அவரை அப்படியே மேசையில் ஏற்ற எந்த மயக்க மருத்துவரும் விரும்பமாட்டார். சில வாரம் கார்டிசாலை இறக்க வேண்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் இதற்கு உதவுகிறது. கல்லீரல் பரிசோதனையை அடிக்கடி பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அது வயிற்றில் அமிலம் இருந்தால்தான் உடம்பில் சேரும். நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் வெறும் வயிற்றில் ஒரு பேன்டபிரசோல் போடுவார்கள். அது சேர்ந்தால் கீட்டோகோனசோல் வீண். கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடும் மோதும். மெட்டிரபோன், ஆசிலோட்ரோஸ்டாட் என்று வேறு மருந்துகளும் உண்டு, எல்லாக் கடையிலும் கிடைக்காது.

எங்கள் துறையின் எட்டோமிடேட்டையும் இங்கே சொல்ல வேண்டும். மயக்கத்தைத் தொடங்கப் பயன்படுத்தும் ஊசி அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை உறக்கத்தில் வைக்க அதைத் தொடர்ந்து கொடுத்தபோது இறப்பு கூடியதாக 1983-இல் பிரிட்டனிலிருந்து எச்சரிக்கை வந்தது. அட்ரினல் சுரப்பி கார்டிசால் செய்வதை அது தடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கெடுதலையே குஷிங் மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது: மாத்திரை விழுங்க முடியாத, உயிருக்குப் போராடும் குஷிங் நோயாளிக்கு, மயக்கம் வராத சிறு அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் கார்டிசால் சில மணி நேரங்களிலேயே இறங்கத் தொடங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யக்கூடியது.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் (டிஎஸ்ஹெச்) சுரக்கும் கட்டி மிக அரிது. தைராக்சின் கூடியிருந்தும் டிஎஸ்ஹெச் இறங்காமல் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். வெறும் தைராய்டு நோய் என்று நினைத்துக் கழுத்தில் ஆபரேஷன் செய்துவிட்டால் பிட்யூட்டரி கட்டி மேலும் வளரக்கூடும். இங்கும் ஆக்ட்ரியோடைடு வகை ஊசியும் புரோப்ரனலாலும் கொடுத்து, படபடப்பை அடக்கிய பிறகே மயக்கம் கொடுக்க வேண்டும்.

எந்த வகையானாலும் விட்டுவிடக் கூடாத மருந்து ஒன்று உண்டு. கட்டி அழுத்தியதால் மிச்சச் சுரப்பி வேலை செய்யாமல் போயிருக்கலாம். காலை நேரக் கார்டிசால் குறைவாக இருந்தால், அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோனைத் தொடங்கிய பிறகே தைராக்சினைத் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால், இருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து நோயாளி சரிந்துவிடுவார். உங்கள் மதினிக்குக் கார்டிசால், தைராய்டு ஆகிய இரண்டு பரிசோதனையும் எடுத்தார்களா என்று கோப்பில் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. மூன்று மாதத்தில் எப்போதாவது திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இமை தொங்கல், இரட்டையாகத் தெரிதல் வந்தால், அது கட்டிக்குள் இரத்தம் கசிந்ததாக இருக்கலாம். அடுத்த ஊசித் தேதியைப் பார்க்காமல், அன்று இரவானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிட்யூட்டரி கட்டி இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். பக்கவாட்டுப் பார்வை மெல்லக் குறைவதாகத் தெரிந்தாலும் அடுத்த நாளே மருத்துவரைப் பாருங்கள். அப்போது ஊசித் திட்டம் மாறும்.

ஆபரேஷனை எங்கே செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பிட்யூட்டரி ஆபரேஷனை அடிக்கடி செய்கிற கையிடம் போவது எல்லா மருந்தையும்விட முக்கியம். திருநெல்வேலியிலோ மதுரையிலோ, நம் மக்கள் வழக்கமாகப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையிலோ, எங்கே போனாலும், இந்த ஆபரேஷன் அங்கே எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, ஹார்மோன் மருத்துவர் உடனிருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆபரேஷனுக்கு அனுமதி கிடைப்பது ஒன்று, முன்னால் போடும் மாத ஊசி அதில் சேருமா என்பது வேறு; மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் ஊசிக்கு முன்பே இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு முந்தின நாள் மட்டும் பார்ப்பது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு முறை காட்டி, வாயையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை குறைந்திருக்கிறதா என்று அண்ணனிடம்தான் அவர் கேட்பார். அண்ணன் கூடப் போகட்டும். மூச்சு நின்று வருவதை அலைபேசியில் பதிவு செய்து காட்டினால் இன்னும் நல்லது. கடைசி ஊசி போட்ட தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். ஆபரேஷன் முடிந்து குறைந்தது 12 வாரம் கழித்துத்தான் ஐஜிஎஃப்-1 பார்த்துக் குணத்தை முடிவு செய்வார்கள். அப்போது அந்தத் தேதி தெரிந்தால்தான், எண் இறங்கியது ஆபரேஷனாலா, ஊசியின் மிச்சத்தாலா என்று மருத்துவர் எடைபோட முடியும், தேவையானால் இன்னும் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்.